பழைய சிறு காமிரா: வாங்கலாமா, விடலாமா?

கடந்த 2025 ஆவணி மாதக் கடைசியில் ஒரு மதியம். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் உள்ள நமது மளிகைக் கடையில் இரண்டு மணிக்கு மேல் நாலு மணி வரை வியாபாரம் ஓய்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, தியாகராய நகரில் ஃபேன்ஸி மற்றும் பரிசுப் பொருள் கடை நடத்தும் என் நண்பரின் மகன் ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றான். பையை மேஜை மேல் கவிழ்த்தான். சோப்புக் கட்டி அளவில் ஐந்து டிஜிட்டல் காமிராக்கள் விழுந்தன. பதினைந்து இருபது வருடத்துக்கு முன் கல்யாண வீடுகளில் ஆளுக்கொன்று கையில் வைத்திருந்தார்களே, அதே சரக்குதான்.

"பெரியப்பா, இதுமாதிரி நாற்பது இருக்காம். ஒண்ணு மூவாயிரம். மொத்தமா எடுத்தாத்தான் அந்த விலையாம். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை."

நாற்பது மூவாயிரம் ஒரு லட்சத்து இருபதாயிரம். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சீட்டு எடுத்த பணம். தீபாவளிக் கொள்முதலுக்கென்று அவன் தந்தை ஒதுக்கி வைத்திருப்பது. பருவ காலக் கொள்முதல் பணத்தை வேறு சரக்கில் போட்டு மாட்டிக்கொண்டால் அந்த வருடமே போயிற்று என்பது வணிகப் பெருமக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் சிரித்துவிட்டேன். எல்லோர் கையிலும் போன் இருக்கும்போது இந்தப் பழைய டப்பாவை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "காலேஜ் பிள்ளைங்க தேடி வர்றாங்க பெரியப்பா. வாரத்துல நாலு பேராவது கேக்கறாங்க" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. உலகம் முழுவதும் டிஜிட்டல் காமிரா அதிகமாகக் கப்பலேறியது 2010ஆம் வருடம். ஜப்பான் காமிரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி அந்த ஆண்டு சுமார் 12 கோடி. அதில் பத்துக் கோடிக்கு மேல் இந்தச் சிறு காமிராக்களே. போன் வந்து அந்த வியாபாரத்தைத் துடைத்துப் போட்டது. 2023ல் சிறு காமிரா சுமார் 17 லட்சமாகச் சுருங்கியது. ஆனால் 2024ல் அது மீண்டும் கொஞ்சம் ஏறி 18 லட்சத்தைத் தாண்டியது. பழையதைத் தேடுகிற கூட்டம் இந்தக் கணக்கில் சேராது. போன் தானே முகத்தை வழவழப்பாக்கி, இருட்டை வெளிச்சமாக்கிக் கொடுக்கிறது. இளைஞர்களுக்கு அது அலுத்துவிட்டது. பழைய ஃப்ளாஷில் முகம் வெள்ளையாகவும் பின்புறம் இருட்டாகவும் விழுகிற படம் பிடித்திருக்கிறது. நமக்குக் குறையாகத் தெரிந்தது அவர்களுக்கு அழகாகத் தெரிகிறது. வாங்குகிறவர் விருப்பத்தில் நாம் குறுக்கே நிற்க முடியாது. கத்தரிக்காயே பிடிக்காத கடைக்காரரும் கத்தரிக்காய் விற்கத்தான் செய்கிறார்.

ஆக, கேட்பவர் உண்டு. சரக்கு சரக்காக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என் பீரோவில் இருக்கும் காமிரா

பதில் சொல்லுமுன் அவனை உள்ளே அழைத்துப்போய் என் பீரோவில் இருக்கும் யாஷிகா எம்.எஃப்.-2 காமிராவைக் காட்டினேன். 1994ல் கடையைப் புதுப்பித்துத் திறந்த அன்று, என் தகப்பனார் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் படத்தை எடுத்தது அதுதான். அந்தக் காலத்தில் சென்னையில் வெளிநாட்டுக் காமிரா என்றால் கடற்கரை ரயில் நிலையம் எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் 1960களின் கடைசியில் போட்ட கடைகள் அவை. கொஞ்சம் சிக்கனமானவர்கள் 'கடக்' என்ற ஒற்றைச் சொல்லோடு தூர்தர்ஷனில் விளம்பரம் வந்த ஹாட் ஷாட் வாங்கினார்கள். பிறகு கோடக் கேபி-10 வந்தது. அதற்கும் முந்திய தலைமுறைக்கு ஆக்ஃபா கிளிக் மூன்று.

என் யாஷிகா இன்றும் பழுதில்லை. பொத்தானை அழுத்தினால் திறக்கிறது, மூடுகிறது. ஆனால் பதினைந்து வருடத்துக்கு மேல் அது படம் எடுக்கவில்லை. நான் பிலிம் கழுவக் கொடுத்த கடை மூடப்பட்டது. அங்கே இப்போது கைபேசி ரீசார்ஜ் செய்கிறார்கள். ஊட்டியில் 1960ல் நிறுவப்பட்ட நம் அரசாங்க ஆலையான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடப்பட்டது. ஆக்ஃபா போட்டோ 2005ல் திவாலானது. கோனிகா மினோல்டா 2006ல் இந்தத் தொழிலையே விட்டு வெளியேறியது. கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. காமிரா சாகவில்லை, அதற்குத் தீனி போடுகிறவர்கள்தான் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள்.

நான் அவனுக்குச் சொன்னது இதுதான்: "தம்பி, காமிராவோட விலையைப் பார்க்காதே. அது என்ன சாப்பிடும், அந்தச் சாப்பாடு இன்னிக்கும் கடையிலே கிடைக்குதா, அதைப் பாரு."

டிஜிட்டல் காமிராவுக்கு இரண்டு தீனி. ஒன்று பாட்டரி, மற்றொன்று நினைவு அட்டை.

பாட்டரியில் நல்ல ஜாதி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே அந்தப் பென்சில் பாட்டரியில் ஓடுவது. கேனான் பவர்ஷாட் 'ஏ' வரிசையில் பலவும், நிக்கான் கூல்பிக்ஸ் 'எல்' வரிசையும் அப்படிப்பட்டவை. இன்னும் ஐம்பது வருடம் ஆனாலும் இந்த செல் தெருமுனைக் கடையில் கிடைக்கும். மற்றவை தனக்கென்று ஒரு தட்டை லித்தியம் பாட்டரி கேட்பவை. கம்பெனி பாட்டரி நின்றுபோயிருக்கும், கிடைப்பது நகல். நகல் எல்லாம் கெட்டதில்லை, ஆனால் உப்பிப்போன பழைய பாட்டரியோடு வரும் காமிராவைக் கையாலும் தொடாதீர்கள்.

நினைவு அட்டையில் எஸ்.டி. கார்டு என்றால் கவலையில்லை. ஒலிம்பஸ், ஃபியூஜி கம்பெனிகள் 2002ல் எக்ஸ்.டி. என்ற ஒரு அட்டையைக் கொண்டுவந்தன. பிறகு அவர்களே அதைக் கைவிட்டார்கள். சோனி தனக்கென்று மெமரி ஸ்டிக் வைத்திருந்தது, 2010லிருந்துதான் எஸ்.டி. அட்டையையும் ஏற்கத் தொடங்கியது. காமிரா இரண்டாயிரத்துக்கும் அட்டை அதைவிட அதிகத்துக்கும் விற்கிற விநோதம் இந்த ஜாதியில் உண்டு. எஸ்.டி.யிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரிய கொள்ளளவு அட்டைக்கான முறை 2006ல்தான் வந்தது. அதற்கு முந்திய காமிராக்கள் 2 ஜி.பி.க்கு மேல் உள்ள அட்டையைப் படிக்காது. 32 ஜி.பி. அட்டையைப் போட்டுப் பார்த்து 'காமிரா ரிப்பேர்' என்று ஒதுக்கியவர்களும் உண்டு, அதைச் சொல்லியே அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்களும் உண்டு.

நாற்பதையும் பார்த்த நாள்

மறுநாள் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு நானும் அவனோடு போனேன். சரக்கு இருந்த கிடங்கு நகரின் நடுப்பகுதியில். யாருடையது என்பது இங்கே வேண்டாம். மூட்டையில் மேலே இருக்கும் பருப்பைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்க்கிறோம். அதேபோல நாற்பதையும் மேஜையில் பரப்பச் சொன்னேன். என் கையில் ஒரு டார்ச், ஒரு வெள்ளைக் காகிதம், ஒரு 2 ஜி.பி. அட்டை, நம் கடையிலிருந்தே எடுத்துப்போன அல்கலைன் செல் எட்டு.

அந்த அல்கலைன் செல் முதலிலேயே வேலை செய்தது. கிடங்குக்காரர் போட்டுக் காட்டிய சாதாரணக் கடிகார செல்லில் பதினொரு காமிரா எழுந்திருக்கவில்லை. டிஜிட்டல் காமிரா ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் இழுக்கும். சாதாரண செல் ஈடுகொடுக்காது. அல்கலைன் போட்டவுடன் இரண்டு விழித்துக்கொண்டன. ஒன்பது விழிக்கவே இல்லை. நமது உறுப்பினர்களிடம் யாராவது காமிராவுக்கென்று செல் கேட்டால் அல்கலைனோ, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்கிற செல்லோ கொடுங்கள். விலை குறைந்ததைக் கொடுத்தால் மறுநாள் சண்டைக்கு வருவார்.

அந்த ஒன்பதில் ஐந்தாறின் பாட்டரி அறையைத் திறந்தால் கதை தெரிந்தது. முனைகளில் வெள்ளைப் பொடி இருந்தால் செல் கசிந்தது. எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சில சமயம் பிழைக்கும். திருகாணித் தலையில் செந்துரு இருந்தால் அது தண்ணீர் குடித்த காமிரா. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. நம் கடைகளில் எத்தனை மூட்டை போயிற்று! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும். அப்போது நனைந்து, காயவைத்து, வேலை செய்யாமல் பரணில் போட்ட சாமான்கள்தான் இப்போது பழைய சரக்காக இறங்குகின்றன.

நன்றாக எழுந்தவற்றில் இரண்டு, படத்தை ஊதா நிறத்தில் கோடு கோடாகக் காட்டின. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2002 கடைசி முதல் 2004 தொடக்கம் வரை சோனி தயாரித்த ஒரு வகை சி.சி.டி. சில்லில் உள்ளிணைப்புக் கம்பிகள் சூட்டிலும் ஈரப்பதத்திலும் விட்டுப்போகின்றன என்று 2005 அக்டோபரில் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதே சில்லை வாங்கிப் பொருத்தியிருந்த வேறு பல பெரிய கம்பெனிகளும் இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவதாக அறிவித்தன. அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சூடும் ஈரமும் என்றால் அது நம் சென்னைக்கே எழுதிய சீட்டு. ஆகவே அந்தக் காலத்துக் காமிராவை, இன்று நன்றாக ஓடினாலும், குறைந்த விலைக்கே கேளுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: குழல் விளக்கையோ சூரியனையோ நேராகக் காட்டும்போது மட்டும் செங்குத்தாக ஒரு கோடு விழுந்தால் அது நோயில்லை; சி.சி.டி.யின் இயல்பே அதுதான்.

நாலு காமிராவில் லென்ஸ் பாதி வெளியே வந்து கரகரவென்று நின்றது. எலியட்ஸ் கடற்கரை மணல் ஒரு பருக்கை உள்ளே போனால் போதும். பழுதுபார்க்கும் கூலி காமிரா விலையைத் தாண்டும். அடித்துத் தட்டிச் சரிசெய்கிறேன் என்று நாமே திறப்பது அதைவிட ஆபத்து. ஃப்ளாஷ் மின்தேக்கியில் காமிராவை அணைத்த பிறகும் 300 வோல்ட் அளவில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஐந்தில் பூஞ்சைக் காளான். லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை போல் தெரியும். இதில் நம் வீட்டுப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. காமிராவைத் தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைக்கிறோம். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிலர் அரிசி டின்னில் புதைக்கிறார்கள். அரிசி வியாபாரியாகச் சொல்கிறேன், அரிசிக்குள் தவிட்டுத் தூளும் உண்டு, வண்டும் உண்டு. மருந்து டப்பா, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, மூடி இறுகிய டப்பாவில் போட்டுக் காமிராவை வையுங்கள்.

மீதியில் ஏழு, அட்டை இல்லாத எக்ஸ்.டி. அல்லது மெமரி ஸ்டிக் ஜாதி. அவை ஓடுமா என்று சோதிக்கவே வழியில்லை. சோதிக்க முடியாத சரக்கைத் தள்ளி வைத்தோம். ஒன்பது, இரண்டு, நாலு, ஐந்து, ஏழு: இருபத்தேழு கழிவு. தேறியது பதின்மூன்று.

தேறியவற்றிலும் மெகாபிக்ஸல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம் என்றேன். ஆல்பத்தில் ஒட்டுகிற நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்குச் சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். 50 லட்சம் புள்ளியுள்ள காமிரா அதற்குத் தாராளம். வெள்ளைக் காகிதத்தைப் படமெடுத்துக் கறுப்புப் பொட்டு விழுகிறதா, ஃப்ளாஷ் மூன்று முறை அடுத்தடுத்து அடிக்கிறதா, ஜூம் போய்வருகிறதா, எடுத்த படம் அட்டையிலிருந்து கணினிக்கு இறங்குகிறதா என்பதெல்லாம் எண்ணைவிட முக்கியம்.

கணக்கு

நாற்பதையும் மூவாயிரம் வீதம் எடுத்திருந்தால், விற்கக்கூடிய பதின்மூன்றின் மேல் அந்த ஒரு லட்சத்து இருபதாயிரமும் ஏறி உட்காரும். ஒன்றுக்கு 9,230 ரூபாய். பாட்டரி, அட்டை, துடைப்புக்கு 900 சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். அந்த விலைக்குக் கல்லூரிப் பிள்ளை ஏன் வாங்கப் போகிறது? கிடங்குக்காரர் முதலில் "பொறுக்கி எடுக்க இது என்ன காய்கறிக் கடையா?" என்றார். பொறுக்காமல் எடுக்க எங்களுக்கும் மனமில்லை என்று எழுந்தோம். தெருமுனை வரை வந்த பிறகு ஆளனுப்பினார். பதின்மூன்றும் தலா 3,800க்கு முடிந்தது, மொத்தம் 49,400. அடக்கம் 4,700. பையன் 6,500க்கு விற்கலாம் என்று நினைத்தான், சரியென்றே பட்டது. பதினைந்து நாள் உத்தரவாதம் கொடு, அதை பில்லில் எழுது என்றேன். வரிசை எண்ணையும் எழுதச் சொன்னேன். வாங்குகிற பில்லிலும் விற்கிற பில்லிலும் அது இருந்தால்தான், நாளைக்கு யாராவது 'இது என் திருட்டுப்போன காமிரா' என்று வந்தால் நாம் தப்பிக்க முடியும்.

வரி விஷயமாக ஒரு வார்த்தை. டிஜிட்டல் காமிராவுக்கு 2019 ஜனவரி முதல் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய பொருளை வாங்கி விற்பவர், வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்காமலிருந்தால், முழு விலைக்கும் அல்ல, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். ஜி.எஸ்.டி. விதி 32ன் ஐந்தாம் உட்பிரிவு அது. இது தெரியாமல் முழுத் தொகைக்கும் வரி போட்டு விலையை ஏற்றி வைத்துக்கொண்டு சரக்கு போகவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து மூட்டையாக இறக்கித் தருகிறேன் என்று வருகிறவரிடம் மட்டும் ஜாக்கிரதை. பழைய பொருள் இறக்குமதிக்கு அரசின் அனுமதிப் பத்திரம் வேண்டும்.

பிலிம் காமிரா பற்றியும் பையன் கேட்டான். பிலிம் இன்றும் கிடைக்கிறது. 2024ல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு பிலிம் காமிராவையே வெளியிட்டது. ஆனால் தீனிச் செலவைப் பாருங்கள். ஒரு சுருள், கழுவு கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 36 படத்துக்கு வகுத்தால் படம் ஒன்றுக்கு 42 ரூபாய். கண் சிமிட்டிய படத்துக்கும் அதே 42 ரூபாய்தான். வீட்டில் சும்மா இருக்கும் காமிராவில் ஆசைக்கு ஒரு சுருள் போட்டுப் பார்க்கலாம். அதற்கென்று காசு கொடுத்துக் காமிரா வாங்குவதும், கடையில் அடுக்குவதும் என் மனதுக்குச் சரிப்படவில்லை.

நமது கடை வேலைக்கு இந்தக் காமிரா தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றே சொல்வேன். உடைந்து வந்த எண்ணெய் டின்னைப் படமெடுத்துக் கம்பெனி ஏஜென்டுக்கு அனுப்பவும், வாடிக்கையாளருக்குப் புதுப் புளியைக் காட்டவும் போன் ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். காமிராவில் எடுத்தால் அட்டையைக் கழற்றி, கணினியில் ஏற்றி, பிறகு போனுக்கு அனுப்ப வேண்டும். தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்க மட்டும் காமிரா ஜூமுக்குக் கொஞ்சம் மதிப்புண்டு. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மாட வீதிக் கூட்டத்தில் நின்றுகொண்டு பல்லக்கை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வீட்டுப் பிள்ளை கேட்டால், பென்சில் செல்லும் எஸ்.டி. அட்டையும் போடுகிற ஒன்றை, மேலே சொன்னபடி பார்த்து, நாலு ஐந்தாயிரத்துக்குள் வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை.

நானும் அந்தப் பதின்மூன்றில் ஒன்றை என் பேத்திக்காக எடுத்துக்கொண்டேன். பையன் அடக்க விலைக்கே தருகிறேன் என்றான், ஐயாயிரமாகக் கொடுத்தேன். மற்றப் பன்னிரண்டும் தீபாவளிக்குள் போய்விட்டன. இரண்டு திரும்பி வந்தன. ஒன்றுக்குப் பாட்டரி மாற்றிக் கொடுத்தான், மற்றொன்றுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். மிச்சமிருந்த எழுபதாயிரம் சொச்சம் அவன் தந்தை நினைத்தபடியே பரிசுப் பொருள் கொள்முதலுக்குப் போயிற்று. விஷயத்தை அவரிடம் நான்தான் சொன்னேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை.

நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகளைப் பேத்தி நூறு படத்துக்கு மேல் எடுத்து வந்தாள். படம் நன்றாகவே வந்திருக்கிறது. ஒவ்வொன்றின் மூலையிலும் 01.01.2008 என்று ஆரஞ்சு எழுத்தில் தேதி விழுந்திருந்தது. உள்ளே தேதியைக் காப்பாற்றுகிற சின்ன பாட்டரி செத்துவிட்டது போலும், செல் மாற்றும்போதெல்லாம் காமிரா அந்த நாளுக்கே திரும்பிவிடுகிறது. சரிசெய்யக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அதுதான் தாத்தா நன்றாயிருக்கிறது, தொடாதே என்கிறாள்.